எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி

நாகரிகமான ஒரு சமுதாயத்தில் அடிமைகள் இருக்கக் கூடாது என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதை எவ்வளவு பெரிய எழுத்தில் பொறித்து வாசலில் மாட்டுவது என்பதில்தான் கொஞ்சம் போட்டி இருந்தது.

இல்லப் பராமரிப்புப் பணிகளில் அடிமைத்தனத்தைத் தடுத்தல் மற்றும் எதிர்கொள்ளல் துறை என்று ஒன்று புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டோடு தங்கிக் கவனித்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து வரும் பெண்களை யாரும் அடிமைபோல் நடத்தக் கூடாது என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது என்பதால் துறைக்கு மூன்று மாடிக் கட்டடம் கொடுத்தார்கள். கட்டடத்தில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டதால் அவர்களுக்கு வேலை தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் பித்தளைப் பலகை. ஆய்வில் தேறிய வீட்டுக்கு 'அடிமையற்ற இல்லம்' என்று பொறித்த பலகை வழங்கப்படும். கூடவே ஐந்து நட்சத்திரங்கள் வரை.

எதிர்வீட்டில் நான்கு நட்சத்திரப் பலகையை மாட்டி, அதற்கு மேலே சின்ன விளக்கும் போட்டிருந்தார்கள். இந்த வீட்டு அம்மாவுக்கு அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் வந்து விழுந்தது.

"நாலுக்கே விளக்கு போட்டிருக்கா. நமக்கு அஞ்சு வந்தா என்ன பண்ணுவா, பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அன்றே விண்ணப்பித்துவிட்டாள்.

விண்ணப்பத்தில் குடும்பத்தினர் என்ற பகுதியில் நான்கு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் தன் பெயர். இரண்டாவதில் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கும் கணவர் பெயர். மூன்றாவதில் நாயின் பெயர், அவனும் எங்கள் பிள்ளைதான் என்பதால். நான்காவது காலியாக இருந்தது. மாமனாரின் நினைவு வந்தபோது அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே 'மற்றவர்' என்று ஒரு கட்டம் வசதியாக இருக்கவே, அவரை அங்கே எழுதினாள்.

மாமனாரைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணை, வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் 'சிஸ்டர்' என்பார்கள். யாரும் வராத நாட்களில் 'இந்தா' என்பார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவளுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. பெரியவர் முப்பத்து நான்கு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தைத் தன் கையெழுத்தால் ஆண்டவர். இப்போது வலது கையும் வலது பக்கத்து முகமும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தலைமாட்டில் இருக்கும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். 'ஏழு மணி, கஞ்சி கொடுத்தேன். எட்டரை, குளிப்பாட்டினேன். ஒன்பது, இடப்பக்கம் திருப்பினேன்.' மூன்று வருடத்தில் பதினாறு குறிப்பேடுகள் நிரம்பியிருந்தன. அவருடைய கட்டிலுக்கு அருகில் ஒரு மடக்குக் கட்டில், அதற்குக் கீழே ஒரு பை. சிஸ்டரின் சொத்து அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் மட்டும் வீட்டம்மாவின் பீரோவில் இருந்தது. சிஸ்டர் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்.

"எங்க போயிடப் போகுது? எங்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு. நீ என்ன வேத்து ஆளா? எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி."

வீட்டில் ஒருத்தி என்பதால் அவளுக்குத் தனியாக விடுமுறை கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் யாராவது விடுமுறை கேட்பார்களா? வீட்டில் ஒருத்தி என்பதால் கைபேசியும் வீட்டம்மாவிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்து நிமிடம் கொடுப்பாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். சிஸ்டர் ஊரில் விட்டுவந்த குழந்தையின் குரலைக் கேட்கத் தனக்கும் ஆசையாக இருக்கிறது என்பாள்.

குழந்தைக்கு, சிஸ்டர் கிளம்பி வந்தபோது இரண்டு வயது. இப்போது ஐந்து. போன ஞாயிற்றுக்கிழமை போனை வாங்கியதும் அது கேட்ட முதல் கேள்வி, "நீங்க யாரு பேசுறது?"

அதன் கையிலிருந்து போனை வாங்கிப் பேசினாள் நாத்தனார். சிஸ்டரின் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. கணவரும் வேறொரு நாட்டில் வேலையில் இருப்பதால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள்.

"அண்ணி, ஒண்ணாம் தேதி இவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். அம்மா வந்து கையெழுத்துப் போடணுமாம். அப்புறம் என் விஷயம். பத்து நாளுக்குன்னு சொல்லித்தான் என்னை இங்க விட்டுட்டுப் போனீங்க. மூணு வருஷமாச்சு. தையல் கம்பெனியில கூப்பிடுறாங்க. என் சர்டிபிகேட் எல்லாம் உங்க பெட்டிக்குள்ள இருக்கு."

"வந்து எடுத்துத் தரேம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

வீட்டுப் பத்திரம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நாத்தனாரின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கிளம்பும்போது ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அந்தச் சாவி மூன்று வருடமாக அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு நிபந்தனை, பணியாளருக்குத் தினமும் ஒரு மணி நேரம் 'சுதந்திர நேரம்' கொடுக்க வேண்டும். வீட்டம்மா நாலிலிருந்து ஐந்து வரை கொடுத்தாள். அந்த நேரத்தில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் சிஸ்டர் அவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சுதந்திரமாக இருக்கப் போவாள். பூங்காவில் இதேபோல் பதினைந்து, பதினாறு பேர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சுதந்திரமாக இருந்தார்கள். காலை நீட்டி ஒரு மணி நேரம் தூங்கினால் போதும் என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் நினைத்தார்கள். ஆனால் தூங்கினால் அது சுதந்திரத்தில் சேராது. நடந்தாக வேண்டும், பூங்கா வாசலில் நேரம் பதிந்தாக வேண்டும்.

குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக ஆய்வாளர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் செருகியிருந்தார். மூன்றுமே எழுதாததால் வீட்டம்மாவின் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பணியாளரைத் தனிமையில விசாரிக்கணும் மேடம். விதி."

"தாராளமா விசாரிங்க. நான் இங்க இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி வீட்டம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நாய் வந்து அவள் காலடியில் படுத்தது.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி. மக மாதிரி வெச்சிருக்கோம்."

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். "பணியாளர்னு ஒரு கட்டம் இருக்கு. குடும்பத்தினர்னு ஒரு கட்டம் இருக்கு. மாதிரின்னு கட்டம் இல்லையே மேடம்."

"அப்ப குடும்பத்திலேயே போடுங்க. நாலாவது காலியாத்தானே இருக்கு."

சிஸ்டர் வாயைத் திறந்தாள். "சார், என் பாஸ்போர்ட்டு..."

"ஒரு நிமிஷம்மா" என்று கையை உயர்த்தி, நான்காவது கட்டத்தில் அவள் பெயரை எழுதி முடித்தார். பிறகு கனிவோடு நிமிர்ந்தார். "இப்ப நீங்க குடும்பத்தினர். குடும்பத்துல இருக்கிறவங்க பத்திரத்தைக் குடும்பத்துல இருக்கிறவங்க வெச்சிருந்தா அதுல துறை தலையிட முடியாது. உங்க குடும்ப விஷயம்."

இப்படியாக அந்த வீட்டில் பணியாளரே இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. வீட்டம்மா சுவரில் ஆணி அடிக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் அளந்தாள்.

"ஆனா பதினொரு கேள்வி இருக்கு மேடம். படிவத்தைக் காலியா அனுப்பினா திருப்பி விட்டுடுவாங்க. குடும்பத்தினர் பதில் சொல்லக் கூடாது. வேற யாரு இருக்கா?" பக்கத்தைத் திருப்பினார். "மற்றவர்னு ஒருத்தர் இருக்காரே?"

எல்லோரும் பெரியவர் அறைக்குப் போனார்கள்.

தன்னிடம் ஒரு அதிகாரி படிவத்தோடு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பெரியவர் முகத்தில் ஒரு களை வந்தது. முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டவர். படுத்த பிறகு, வலிக்கிறதா என்பதைத் தவிர யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. தலையணையை உயர்த்தச் சொல்லி, பேரேட்டைப் பார்க்கப் போகிறவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு. உங்க அடையாளப் பத்திரங்கள் உங்க கையில இருக்கா?"

"இல்ல. மருமக பீரோவுல."

"ரெண்டு. நினைச்ச நேரத்துல வெளியே போக முடியுமா?"

"நாலு மணிக்குத் தள்ளிட்டுப் போவாங்க. அஞ்சுக்குக் கொண்டுவந்து போட்டுடுவாங்க."

"மூணு. என்ன சாப்பிடணும்னு நீங்களே முடிவு பண்றீங்களா?"

பெரியவர் பக்கத்தில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். ஆய்வாளரும் பார்த்தார். பதில் எழுதப்பட்டது.

"நாலு. தனியா போன் பேச முடியுமா? அஞ்சு. விருப்பமில்லாத வேலையைச் செய்யச் சொல்லி வற்புறுத்துறாங்களா?"

"ரப்பர் பந்தை நூறு தடவை அமுக்கச் சொல்றா. எண்பதுல விடுன்னு கெஞ்சினாலும் விடமாட்டா."

"டாக்டர் சொன்னது ஐயா" என்றாள் சிஸ்டர்.

"குறுக்கே பேசாதீங்கம்மா. ஆறு. உங்க சார்பா வேற யாராவது பேசுறாங்களா?"

பெரியவருக்கு இந்தக் கேள்வியில் நாக்கு குழறியது. வாயோரம் எச்சில் வழிய ஏதோ சொன்னார். ஆய்வாளருக்குப் புரியவில்லை. சிஸ்டரைப் பார்த்தார்.

சிஸ்டர் துணியால் துடைத்துவிட்டு, "இல்லவே இல்லைங்கிறார்" என்றாள்.

ஆய்வாளர் 'ஆம்' என்று எழுதினார்.

கடைசியாக விடுமுறை எடுத்தது எப்போது என்ற பதினோராவது கேள்விக்கு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து தனக்கு விடுமுறையே இல்லை என்றார் பெரியவர். ஆய்வாளர் விரல் விட்டு எண்ணினார். எட்டுக்கு மேல் வந்தால் அடிமை என்று அட்டவணை சொன்னது. பதினொன்றுக்குப் பதினொன்று வந்திருந்தது. துறை தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு முழு மதிப்பெண் யாருக்கும் வந்ததில்லை.

"மேடம், உங்க வீட்டுல ஒரு அடிமை இருக்காரு."

"அவர் என் மாமனாரு."

"இருக்கலாம். அது இதுல இல்ல. இப்ப இவரை அடிமையா வெச்சிருக்கிறது யாருன்னு எழுதணும். குடும்பத்தினர்ல ஒருத்தராத்தான் இருக்கணும்."

தன் விண்ணப்பத்திலேயே விண்ணப்பதாரர் குற்றவாளியாக விதியில் இடமில்லை. கணவர் ஊரில் இல்லை. மிச்சம் இருந்தது நாயும் சிஸ்டரும். ஆய்வாளர் நாயை நியாயமாகவே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அதன் கழுத்துப் பட்டையில் பெயரும் விலாசமும் அடங்கிய அட்டை தொங்கியது. அந்த வீட்டில் தன் அடையாள அட்டையைத் தானே வைத்திருந்தது அது ஒன்றுதான். அதனிடம் குற்றம் காண முடியவில்லை.

பிறகு தலைமாட்டில் இருந்த குறிப்பேட்டை எடுத்து வாசித்தார். "குளிப்பாட்டினேன். படுக்க வைத்தேன். மாத்திரை வேண்டாம் என்றார், கொடுத்தேன். பந்து, நூறு முறை." மூடினார். "யாரு கையெழுத்து இது?"

"என்னுதுதான் சார்" என்றாள் சிஸ்டர்.

"மூணு வருஷமா தன் கைப்படவே எழுதி வெச்சிருக்காங்க. இப்படி ஒரு சாட்சியம் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல."

வீட்டம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப பலகை?"

"தன் வீட்டுக் குற்றத்தைத் தானே காட்டிக் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலா உண்டு மேடம்."

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன் சார்" என்றாள் வீட்டம்மா.

ஆய்வாளர் பையிலிருந்து இரண்டு துண்டுப் பிரசுரங்களை எடுத்தார். பச்சை நிறம் அடிமைக்கு. சிவப்பு நிறம் அடிமை வைத்திருப்பவருக்கு. இரண்டையும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் படிவத்தில் மூழ்கினார். சிஸ்டர் இரண்டையும் எடுத்துப் படித்தாள்.

பச்சையில் இருந்தது இது. மீட்கப்பட வேண்டியவர், விசாரணை முடியும்வரை அதே வீட்டில் தங்கியிருந்து ஒத்துழைக்க வேண்டும். விசாரணை சுமார் இரண்டு ஆண்டுகளில் கனிவுடன் முடிக்கப்படும். வாக்குமூலம் மூன்றாவது மாடியில் நேரில் வந்து அளிக்கப்பட வேண்டும். பத்திரங்கள் பறிக்கப்பட்டிருந்தால், மேற்படி பத்திரங்களின் அசலை இணைத்து மனு செய்ய வேண்டும்.

சிவப்பில் இருந்தது இது. குற்றவாளி வெளிநாட்டவராயின், ஏழு நாட்களுக்குள் அரசுச் செலவில் சொந்த நாட்டுக்கு அனுப்பிவைக்கப்படுவார். அவரது பாஸ்போர்ட் எங்கிருந்தாலும் துறையால் உடனே கைப்பற்றப்பட்டு, பயணத்தின்போது அவரிடமே கொடுக்கப்படும்.

சிஸ்டர் சிவப்பை இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை, 'ஏழு நாட்களுக்குள்' என்ற இடத்தில் விரலை வைத்துப் படித்தாள்.

"சார், ஒத்துக்கிட்டா எத்தனை நாள்?"

"ஒத்துக்கிட்டா விசாரணை இல்ல. மூணு நாள்ல அனுப்பிடுவோம்."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

வீட்டம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "இருங்க சார், இருங்க. இவ போயிட்டா மாமாவை யாரு பார்த்துக்கிறது?"

"அது வேற துறை மேடம்."

"சார், உண்மையைச் சொல்லிடறேன். இவ எங்க குடும்பமே இல்ல. வேலைக்கு வந்தவ. வெறும் வேலைக்காரி."

ஆய்வாளர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்து நிமிர்ந்தார். "பணியாளரா? அப்படின்னா பதினொரு கேள்வியையும் இவங்ககிட்ட மறுபடி கேக்கணும். முதல் கேள்வி பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு. எங்கம்மா இருக்கு?"

சிஸ்டர் வீட்டம்மாவைப் பார்த்தாள். வீட்டம்மா ஜன்னல் வழியாக எதிர்வீட்டு விளக்கைப் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இல்ல சார். மகளேதான்."

பீரோ திறக்கப்பட்டது. நாயின் தடுப்பூசிப் புத்தகத்துக்குக் கீழே பாஸ்போர்ட் இருந்தது. ஆய்வாளர் அதை இரண்டு விரலால் எடுத்து உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

கிளம்பும் நேரத்தில் பெரியவர் குரல் கொடுத்தார். "பாதிக்கப்பட்டவன் நான். குற்றவாளியை மன்னிச்சு இங்கேயே வெச்சுக்க எனக்கு அதிகாரம் இருக்கா?"

"இல்லீங்க ஐயா. விதியில இடமில்ல."

"நல்லா பார்த்துச் சொல்லு."

"கண்டிப்பா இல்ல."

"நல்லது" என்றார் பெரியவர். முகத்தின் வேலை செய்கிற பாதி சிரித்தது. அந்தக் காலத்தில் எத்தனை விதிகளை எழுதியவர் அவர், என்ன பதில் வரும் என்று தெரிந்தேதான் கேட்டாரா என்று சிஸ்டருக்குத் தெரியாது. அவள் அன்று குறிப்பேட்டில் எழுதினாள், 'ஆறு மணி. பந்து, எண்பது முறை. போதும் என்றார், விட்டுவிட்டேன்.'

நான்காம் நாள் அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். குழந்தை நாத்தனாரின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது.

"யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றாள் நாத்தனார்.

"போன்ல பேசுவாங்களே, அவங்க."

இரண்டு நாள் கழித்து மடியில் வந்து உட்கார்ந்தது. அதற்கு அடுத்த நாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அம்மா என்றது. ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் முந்தைய தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் சற்று யோசித்தாள். அரசாங்கக் கோப்பில் வேறு மாதிரி இருந்தது.

அன்று மாலை பூங்காத் தோழி போன் செய்தாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நீங்க போனதும் நம்ம ஆளுங்க பதினஞ்சு பேரும் வரிசையில நின்னு, நாங்களும் அடிமை வெச்சிருக்கோம்னு எழுதிக் குடுத்துட்டோம். நோட்டையெல்லாம் கையோட கொண்டு போனோம்."

"அப்புறம்?"

"ஒரே வாரத்துல பதினாறு குற்றவாளியைப் பிடிச்சதுக்குத் துறைக்கு விருது குடுத்தாங்க. உங்க மேடம் வீட்டுல பலகை மாட்டியாச்சு. அஞ்சு நட்சத்திரம், ரெண்டு விளக்கு. ஐயாவை இப்ப மேடமே திருப்பிப் போடுறாங்களாம். பந்தை எண்ணத் தெரியலைன்னு ஐயா திட்டுறாராம். அதுக்கப்புறம் வீட்டுக்காரங்க எல்லாம் சேர்ந்து போய்க் கத்தினதுல விதியை மாத்திட்டாங்க. இனிமே அடிமை வெச்சிருக்கிறவங்களுக்குத் தண்டனை, அடிமையை அதே வீட்டுல இருந்து அஞ்சு வருஷம் கவனிச்சுக்கணும். லீவு கிடையாது." தோழி சற்று நிறுத்தினாள். "எனக்கு முன்னால நின்ன ஏழு பேர் போயிட்டாங்க அக்கா. நான் எட்டாவது."

போனை வைத்துவிட்டு சிஸ்டர் அடுத்த வாரத்தைக் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. குழந்தை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும். கணவர் வர இன்னும் ஒரு வருடமாகும்.

நாத்தனார் வந்து எதிரில் நின்றாள். தலை வாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள். கையில் மூன்று வருடத்துக்கு முன் பத்து நாளுக்கான துணிமணிகளோடு கொண்டுவந்த அதே பை.

"அண்ணி, அந்தப் பெட்டியைத் திறந்து என் சர்டிபிகேட்டைக் குடுத்தீங்கன்னா, ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிடுவேன்."

சிஸ்டரின் கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சாவியைப் பற்றிக்கொண்டது.

"என்ன அவசரம் இப்ப? எங்க போயிடப் போகுது? எங்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு. நீ என்ன வேத்து ஆளா? எங்க வீட்டுல ஒருத்தி..."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றி அவள் பாதியில் நிறுத்தினாள். கை மட்டும் சாவியை விடவில்லை.

நாத்தனார் பையைக் கீழே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கர் வழியாக வீட்டம்மா சொன்னதையெல்லாம் கேட்டவள் அவள். இன்று தோழி பேசியதும் அவள் காதில் விழுந்திருந்தது.

"அண்ணி" என்றாள் பணிவாக, "அந்த ஆபீஸ் நம்ம ஊர்லயும் இருக்கா?"